பஞ்சலிங்கத்தாரின் காரில் புகுந்த ஆமை

பஞ்சலிங்கத்தாருக்கு மூன்று மொழிகள் தெரியும். அவருடைய கார் நான்காவது மொழியில் பேசியது. நடந்ததெல்லாம் இதற்குள் அடக்கம் என்று சொல்லிவிட்டு நான் எழும்பிப் போகலாம். ஆனால் இந்தக் கதையில் என்னுடைய வாயும் விளையாடியிருக்கிறது. அதனால் இருந்து முழுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பத்தொரு வருடம் அவர் தபாலதிபர். அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் எங்கள் கரவெட்டியிலேயே இருந்தார். பொலிசிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் ஊர் அவரிடம்தான் ஓடும். தூதரகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தாலும் அவரிடம்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு தடவை மனதுக்குள் வாசிப்பார். பிறகு தமிழில் சொல்வார். பிறகு, “இப்ப நீங்கள் என்ன செய்ய வேணுமெண்டால்” என்று தொடங்குவார். அவர் சொன்னபடி செய்தவர்கள் கெட்டுப்போனதாக நான் அறியவில்லை.

மரணத் தந்தி வந்தால் மட்டும் பியோனிடம் கொடுக்கமாட்டார். சேர்ட்டை மாற்றிக்கொண்டு தானே சைக்கிளில் போவார். அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்காரரை இருக்கச் சொல்லி, அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். வேலை நேரத்தில் அவர் வெளுத்த சேர்ட்டோடு சைக்கிளில் வருவதைக் கண்டால் ஒழுங்கையில் நிற்கிற சனம் கதையை நிறுத்திவிடும். தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்று கண்ட பிறகுதான் மூச்சு விடும்.

இப்படிப்பட்ட மனிதர், ஒரு எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லி ஒருவரிடமும் போனதில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு என்ன பெருமை அவரிடம் இருந்தது? தலைமயிர் கூட இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் செல்வநாயகம், அவர் வீட்டுத் தகர வேலிக்கு அடுத்த வளவு. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டினேன். என் பஸ்ஸில் வேகம் காட்டும் முள் பூச்சியத்தில் படுத்திருக்கும். சூடு காட்டும் முள் எந்நேரமும் கொதிநிலையில் நிற்கும். இரண்டையும் நான் பார்ப்பதில்லை. இஞ்சின் சொல்வதைக் காலால் கேட்டேன், பிரேக் கருகுவதை மூக்கால் பிடித்தேன். மீற்றரைப் பார்த்து வாகனம் ஓட்டுகிறவனை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் படுத்துக் கிடந்த வருடத்தில்தான் அவருடைய மனைவி தவமலருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. நான் மலரக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிழமையில் இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பதினெட்டு மைல். வாகனம் பிடித்தால் பெற்றோல் இல்லை. பஸ்ஸில் போய் வந்தால் அந்த மனுசி அரை உயிராகிவிடும். சுவிசில் இருக்கிற மகள் கஜானி யோசித்து ஒரு காரியம் செய்தாள். பற்றரியில் ஓடுகிற கார் ஒன்றை வாங்கி அனுப்பினாள். யப்பானில் யாரோ பத்து வருடம் ஓடிவிட்டு விட்ட கார் அது. பெற்றோல் வேண்டாம், இரவில் சுவரில் சொருகிவிட்டால் காலையில் ஓடும். ஊர் வந்து சுற்றி நின்று பார்த்தது. சொருகுகிற கயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

காருக்கு வாயும் இருந்தது. பட்டனை அமர்த்தியதும் ஒரு பெண்குரல் ஒரு வசனம் சொல்லும். மிக மரியாதையான குரல், கொஞ்சம் கவலையும் சேர்ந்த மாதிரி இருக்கும். மீற்றருக்கு நடுவில் ஒரு சின்னத் திரை. அதில் யப்பான் எழுத்து வரும், போகும். சில நாள் ஒரு வரி, சில நாள் மூன்று வரி. அதைச் சுற்றிப் படங்கள். சில பச்சை, சில மஞ்சள், சில வந்த வேகத்தில் மறைந்துவிடும்.

பஞ்சண்ணை என்று நான் கூப்பிடுகிற அவர் விடவில்லை. ஒரு கொப்பி எடுத்தார். வருகிற படங்களை எல்லாம் பென்சிலால் கீறினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி, இடம், கார் அப்போது என்ன செய்தது என்று எழுதினார். அந்தப் பெண் சொல்கிற வசனத்தைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தார்: ‘ஈ டீ சீ காடோ கா சோன்யூ சரெதே இமசேன்.’ காரோடு வந்த விளக்கப் புத்தகம் முன்னூறு பக்கம், முழுவதும் யப்பான் எழுத்து. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து, திரையில் கண்ட எழுத்தின் உருவத்தைப் புத்தகத்தில் தேடுவார். தபால் கந்தோரில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்ட பழக்கம் அது. உருவம் அம்பிட்டுவிடும், அர்த்தம் அம்பிடாது.

“அண்ணை, கஜானியிட்டைக் கேட்டால் என்ன?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அவள் தந்த கார் செல்வம். எழுதியிருக்கிறது விளங்கேல்லை எண்டு சொன்னால், குடுத்தது சரியில்லை எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். பிள்ளை கவலைப்படுவாள்.”

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். “கார் எப்பிடி அப்பா?” என்பாள். “அந்தமாதிரி, நல்லாய் ஓடுது” என்பார் இவர். “நீங்கள் எப்பிடி அம்மா?” என்பாள். “எனக்கென்ன, நல்லா இருக்கிறன்” என்பார் மலரக்கா. இரண்டும் பொய். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிற எனக்கே சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஆஸ்பத்திரியில் நிவேதனா என்று ஒரு நேர்ஸ். தங்கமான பிள்ளை. மெசின் கத்தும்போதெல்லாம் பஞ்சண்ணை எழும்பி நிற்பார். “மஞ்சள் எரிஞ்சால் பயமில்லை ஐயா, நாங்கள் பாப்பம். சிவப்பெண்டால் நாங்கள் ஓடி வருவம்” என்று அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்தது. அவர் அதையும் கொப்பியில் எழுதினார். அதோடு அது இன்னொன்றும் சொன்னது. “ஒவ்வொரு நாளும் அம்மாவின்ரை காலைப் பாருங்கோ. கணுக்காலிலை விரலாலை அமத்தினால் குழி விழுந்து அப்பிடியே நிண்டால் உடம்பிலை தண்ணி தேங்குது எண்டு அர்த்தம். நாள் பாராமல் உடனை கொண்டு வாங்கோ.” தொடக்கத்தில் அவர் தவறாமல் பார்த்தார். பிறகு மலரக்கா, “நானே பாத்தனான், ஒண்டுமில்லை” என்று சொல்ல, விட்டுவிட்டார்.

இனி ஆமைக்கு வருகிறேன்.

மூன்றாவது வருடம், சித்திரை கழிந்து சில நாள். மெசின் முடித்து மத்தியானம் திரும்பி வருகிறோம். நான் எப்போதும் துணைக்குப் போவேன், பின் சீற்றில் தலையணையும் சுடுதண்ணிப் போத்தலுமாக. வல்லைப் பாலத்தில் ஏறும்போது கார் இழுக்க மறுத்தது. மீற்றரின் இடது மூலையில் மஞ்சளாக ஏதோ எரிந்தது.

“செல்வம், உதென்ன உது?”

நான் எட்டிப் பார்த்தேன். “ஆமை அண்ணை.”

“ஆமையோ?”

“ஓம். ஓடு, தலை, வால், எல்லாம் இருக்கு.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? “ஆமை புகுந்த வீடு உருப்படாதெண்டு சொல்லுறவை. யப்பான்காரன் காருக்குள்ளையே விட்டு அனுப்பியிருக்கிறான்” என்று சொல்லிச் சிரித்தேன்.

மலரக்கா சிரிக்கவில்லை. நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்துவிட்டு வருகிற மனுசி. அந்த மஞ்சள் படத்தையே பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துக் கையைச் சுற்றிக்கொண்டார். காரை ஓரங்கட்டி நிறுத்திக் கால் மணித்தியாலம் விட்டோம். திரும்பப் பட்டனை அமர்த்தினபோது ஆமை இல்லை. கார் ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்கு வந்தது.

மறுநாள் மலரக்கா நாவூறு என்று தீர்மானித்துவிட்டார். சுவிஸ் மகள் அனுப்பிய கார், பெற்றோல் இல்லாத காலத்தில் ஓடிய கார், எத்தனை கண் பட்டிருக்கும்! நீத்துப்பூசணிக்காய் வெட்டிக் குங்குமம் தடவிக் காரைச் சுற்றிக் கழித்தார்கள். வெட்டியது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியால் வந்து, பின்னேரம் பிள்ளையார் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோனோம். ஐயர் பொனற்றிலும் நாலு சில்லிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். மலரக்கா முன்கதவைத் திறந்து மீற்றர்க் கண்ணாடியின் இடது மூலையைக் காட்டினார்.

“இதிலையும் ஒண்டு வையுங்கோ ஐயா. இந்த இடத்திலை.”

ஐயர் வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் காலையில், காரில் ஏறும்போது மலரக்கா தன் கையாலேயே அதன் மேல் புதிதாக ஒரு பொட்டு வைப்பார். சந்தனத்தின் மேல் சந்தனம். வைகாசி முடிவதற்குள் அது பழைய இரண்டு ரூபாக் குற்றியளவு தடிப்பாகிவிட்டது. சாமிப் பொட்டை யார் துடைப்பது? பஞ்சண்ணை மீற்றர்க் கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

ஆமை வரவில்லை. பூசணிக்காய் வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் பாதி நம்பினேன். ஒரு நாள் அச்சுவேலிச் சந்தையில் டினேசைக் கண்டோம். இந்த மாதிரிக் கார்கள் திருத்துகிற பெடியன்களுக்குள் கெட்டிக்காரன்.

“ஆமை ஒருக்கா வந்ததெண்டால் கொண்டுவந்து விடுங்கோ ஐயா” என்றான். “ரெண்டு மூண்டு நாள் நிப்பாட்டிப் பாக்க வேணும்.”

“செவ்வாய், வெள்ளி ஓட வேணும் தம்பி. எப்பிடி நிப்பாட்டுறது? இப்ப ஆமையும் வாறேல்லை.”

“வாறேல்லை எண்டால் நல்லது. வந்தால் மட்டும் ஓடாதேங்கோ.”

“ஓம், வந்தால் கொண்டு வாறன்” என்றார். அதைக் கொப்பியிலும் எழுதினார். அதற்குப் பிறகு அவருடைய ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பெண்குரலின் மேல் திரும்பியது. இவ்வளவு பணிவாக, இவ்வளவு கவலையாக, தினமும் ஒரே விசயத்தைச் சொல்கிறாள் என்றால் அது பெரிய எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று என்னிடம் வாதாடினார். மத்தியானச் சாப்பாடு ஆறும், மலரக்கா கூப்பிடுவார், இவர் புத்தகத்தை விட்டு எழும்பமாட்டார்.

ஆடி மாதத்து வெள்ளி அது. ஏழு மணிக்கு மலரக்காவின் மெசின். ஆறுக்கு முன்னமே வெளிக்கிட்டோம். மலரக்கா காலில் சொக்ஸ் போட்டிருந்தார்.

“என்னக்கா, சொக்ஸ்?” என்றேன்.

“விடியக் குளிருது செல்வம்.”

தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கிற வெக்கையில் கரவெட்டியில் யாருக்குக் குளிரும்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்துப் பொட்டை வைத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் தன் வசனத்தைச் சொன்னாள். கார் புறப்பட்டது.

நெல்லியடி கழிந்து முனியப்பர் கோயிலடியில் எல்லாச் சாரதிகளையும் போல ஒரு கையால் கும்பிட்டுவிட்டு வெளிக்குள் இறங்கினோம். வல்லை வெளி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை, உப்புத்தண்ணியும் வெட்டையும்தான். ஆடியில் சோளகம் நேருக்கு முன்னால் அடிக்கும். என் பஸ்ஸே அங்கே ஒரு கியர் குறைந்துதான் போகும்.

கார் மெள்ளமெள்ளத் தளர்ந்தது. நாற்பது, முப்பது, இருபது. பால் கொண்டுபோகிற ஒருவர் சைக்கிளில் எங்களை முந்தினார். முந்திவிட்டு, நம்பமுடியாமல் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாழ்ப்பாண பஸ் கோண் அடித்துக்கொண்டு வந்தது.

“அண்ணை, பஸ் வருது. மறிச்சு அக்காவை ஏத்துவம்.”

அவர் மீற்றரைப் பார்த்தார். “பற்றரிக் கோடு ஆறு நிக்குது, பாதிக்குப் பாதி. ஆமையும் வரேல்லை. காத்துத்தான் செல்வம்.”

“திரையிலை எழுத்து வந்திருக்கே?”

“எழுத்து எப்ப வராமல் விட்டது?”

இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிய கால் என்னுடையது. பின் சீற்றில் இருந்தாலும் அந்தக் கால் சொன்னது, இது காற்றில்லை என்று. வாய் சொல்லவில்லை. சொல்லக்கூடாத நேரத்தில் திறக்கிற வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. மீற்றரைப் பார்க்கிறவன் அவர், படித்தவர், நான் என்ன கண்டேன் என்று இருந்துவிட்டேன். பஸ் எங்களைக் கடந்து போனது. பின் படியில் நின்ற கொண்டக்டர் கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் நின்றது.

பஞ்சண்ணை பட்டனை அமர்த்தினார். ‘ஈ டீ சீ காடோ’ என்று அந்தப் பெண் தொடங்கி முழுவதும் சொல்லி முடித்தாள். கார் அசையவில்லை. நிறுத்தித் திரும்ப அமர்த்தினார். திரும்பவும் சொன்னாள். அவர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். திரும்ப அமர்த்தினார். நான் பின்னால் இறங்கித் தள்ளிப் பார்த்தேன், அது மலையைத் தள்ளினது போல இருந்தது. பதினொரு தடவை அவள் அதே பணிவோடு, அதே கவலையோடு சொன்னாள். நான் எண்ணினேன், வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“இஞ்சருங்கோ,” என்றார் மலரக்கா. இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சு எடுத்தார். “அவளைக்... கதைக்க விடாதேங்கோ.”

அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். கதவைத் திறந்து காற்றுக்கு முகம் கொடுத்து இருந்தார். வாயால் மூச்சு விட்டார். உதடு நிறம் மாறியிருந்தது.

ரோட்டுக்கு நடுவில் நின்று கையைக் காட்டினேன். போன வாகனங்கள் ஒதுங்கிப் போயின. அடுத்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோவுக்குப் போன் எடுத்தால் நெல்லியடியிலிருந்து வரவேண்டும் என்றார்கள், வரவில்லை. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிற சின்ன லொறி ஒன்று நின்றது. மலரக்காவைத் தூக்கிச் சாரதிக்குப் பக்கத்தில் இருத்தினோம். பஞ்சண்ணை பின்னால் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி நின்றார். வெளுத்த சேர்ட் போட்டிருந்தார், ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அப்படித்தான் போவார். லொறி போகும்போது என்னைப் பார்த்து, “காரைப் பாரும் செல்வம்” என்றார்.

நான் காரைப் பார்த்தேன். வெளியில் காற்று நிற்க விடவில்லை. உள்ளே ஏறி அவருடைய சீற்றில் இருந்தேன். சும்மா இருக்கமுடியாமல் பட்டனை அமர்த்தினேன். அவள் சொன்னாள். திரையில் எழுத்து வந்தது. பொட்டின் ஓரத்தில் ஒரு மயிரிழை அளவு மஞ்சள் தெரிந்தது. சந்தனம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக என் சாரத்து மடியில் விழுந்தது.

உள்ளே ஆமை எரிந்துகொண்டிருந்தது. ஓடு, தலை, வால், எல்லாம் இருந்தது.

நெல்லியடியிலிருந்தே எரிந்திருக்கும். போன கிழமையும் எரிந்திருக்கலாம். பொட்டு வைத்தவர் மலரக்கா. வைக்கச் செய்தவன் நான். ஒரு வசனம், ஒரு சிரிப்பு, பல்லைக் காட்டின ஒரு நிமிடம். சால்வையை நனைத்துப் பொட்டின் மிச்சத்தை எல்லாம் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று வந்தது. காரை நிறுத்தினேன், ஆமை அணைந்தது. அதைக் கண்டவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பஞ்சண்ணை பிறகு சொன்னார். அவர்கள் போய்ச் சேரும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. நிவேதனா அரை மணித்தியாலம் மெசினை விடாமல் வைத்துப் பார்த்திருக்கிறது. அதற்குமேல் வைக்கமுடியாது, வெளியில் காத்திருக்கிறவர்களும் உயிர்தானே. மத்தியானத்துக்கு ஒரு மெசின் ஒழுங்கு செய்திருக்கிறது. மலரக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிலில் படுத்தி, சொக்ஸைக் கழற்றியிருக்கிறது.

“சொக்ஸின்ரை றப்பர் பதிஞ்ச இடம் அப்பிடியே ஆழமாய் நிண்டுது செல்வம். முழங்கால் மட்டும் வீக்கம். அந்தப் பிள்ளை என்னை ஒருக்காப் பாத்துது.” கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தார். “கிழமைக்கணக்காய் வீங்கியிருக்கு. நான் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.”

மத்தியான மெசின் வரைக்கும் அந்த மூச்சு தாங்கவில்லை. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர்மார் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். ஞாயிறு காலையில் மலரக்கா போய்விட்டார்.

ஊரார் வீட்டு மரணச் செய்தியை முப்பத்தொரு வருடம் காவின மனிதர், மகளின் நம்பரை எடுத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நான்தான் சொன்னேன். ஞாயிறு என்றபடியால் பிள்ளை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். “கார் எப்பிடி அப்பா?” என்றுதான் தொடங்கினாள்.

கஜானி வந்து சேரும்வரை உடலை வைத்திருந்து, செய்யவேண்டியதைச் செய்தோம். டினேஸ் காரைக் கட்டியிழுத்து வந்து வளவில் விட்டான். பற்றரியின் உள்ளே ஒரு கட்டை செத்துவிட்டதாம். கோடு பாதி காட்டினாலும், பாரம் விழுந்தால் விழுந்துவிடுமாம். நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப உயிர் வந்த மாதிரிக் காட்டுமாம். பூசணிக்காயின் மகிமை அதுதான். மீற்றர்க் கண்ணாடியைப் பார்த்த பஞ்சண்ணை, “பொட்டு எங்கை?” என்று கேட்டார். “வெய்யிலுக்கு உதிர்ந்து போச்சு அண்ணை” என்றேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் கஜானி காரின் கதவைத் திறந்து சாரதி சீற்றில் இருந்தாள். அம்மா கடைசியாக இருந்த சீற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பஞ்சண்ணை பக்கத்தில் நின்றார், கையில் கொப்பியும் புத்தகமும். நான் பொனற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பட்டனை அமர்த்தினாள், அந்தப் பெண் தன் வசனத்தைச் சொன்னாள். நாட்கணக்காக ஆறிக் கிடந்த காரில் ஆமை வரவில்லை.

கஜானி தன் போனை நீட்டினாள். இன்னொரு தடவை அமர்த்தினாள். போன் கேட்டது, கேட்டுவிட்டுத் தமிழில் எழுதியது.

“அட்டை போடேல்லையாம் அப்பா.”

“என்ன அட்டை?”

“யப்பானிலை பெரிய ரோட்டுகளாலை போறதுக்குப் பணம் கட்டுற அட்டை. அது செருகேல்லை எண்டு சொல்லுறாள். எங்கடை பக்கத்துக்கு அது தேவையே இல்லை.”

பஞ்சண்ணை கொப்பியைப் பார்த்தார். முதல் பக்கத்தில் அந்த வசனம் தமிழ் எழுத்தில், கீழே இரண்டு தடவை கோடு இழுத்து இருந்தது. “மூண்டு வருசம்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு புத்தகத்தை நீட்டினார். ஒரு பக்கத்தில் நாட்காட்டித் தாள் ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் ஆமையின் படம், பக்கத்தில் நாலு வரி. அவர் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார், எனக்குக்கூடக் காட்டவில்லை. கஜானி போனை அதன் மேல் பிடித்தாள். யப்பான் எழுத்து ஒரு தடவை நடுங்கிவிட்டுத் தமிழ் எழுத்தாக மாறியது. அவள் வாசித்தாள்.

“சக்தி குறைந்துள்ளது. வேகம் படிப்படியாகக் குறையும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும். பயணத்தைத் தொடர வேண்டாம்.”

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

“அப்பா,” என்றாள் கஜானி, மெதுவாக. “இது உங்கடை போனிலையும் இருக்கு. போன முறை வரேக்கை நான் போட்டுத் தந்தனான். ஏனப்பா என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?”

“நீ தந்த கார் பிள்ளை” என்றார்.

அவள் ஸ்டியறிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். என்ன செய்வதென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. ஊரார் கடிதங்களை வாசித்த அதே கண்கள், இப்போது என் முகத்தில் எதையோ தேடின.

“அண்டைக்கு ஆமை வரேல்லைத்தானே செல்வம்? வந்திருந்தால் நான் அந்த பஸ்ஸை மறிச்சிருப்பன். நீரும் பாத்தனீர்தானே?”

அவருக்கு உண்மையாகவே தெரியாதா, தெரிந்துகொண்டுதான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கஜானியும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“ஓம் அண்ணை,” என்றேன். “வரேல்லை.”